அம்மா கீறின வீட்டில் கிணறுதான் பெரிசு

வடலி:
யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ல் கொண்டுவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ எண்ட புத்தகம் ஒரு சிநேகிதி வீட்டில் பார்க்கக் கிடைத்தது. தோம்பு எண்டால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால இடம்பெயர்ந்த சனத்திட்ட, விட்டுவந்த வீட்டை நினைவில இருந்து கீறித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் மூண்டு படம்: அவையள் கீறினது, அதைக் கட்டடக்கலைஞர் அளவாகப் போட்டது, பிறகு சனாதனன் தீட்டினது. எனக்கு அந்தக் கோணல்மாணலான முதற்படங்களை விட்டுக் கண் எடுக்க முடியேல்லை.

அண்டிரவே அம்மாவுக்கு ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் குடுத்தேன். 1995 ஒக்டோபர் 30, ஆமி வருகுதெண்டு சனமெல்லாம் மழைக்குள்ள யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு நாங்கள் விட்டுவந்த வீடு. “எனக்குப் படம் கீறத் தெரியாது பிள்ளை” எண்டா. பிறகு படலையில தொடங்கினா. விறாந்தை, சாமியறை, குசினி எல்லாம் சுறுக்காக முடிஞ்சுது. கிணத்தடிக்கு வந்தாப்பிறகு கை நிக்கவேயில்லை. துலா, தொட்டி, உடுப்புத் தோய்க்கிற கல்லு, கமுகு. முடியேக்க கிணறு வீட்டைவிடப் பெரிசு.

“அளவு பிழைச்சுப்போச்சு, அழிக்கட்டே?”

வேண்டாம் எண்டேன். கடைசியாக அவ நிண்ட இடம் அதுதானாம். வழிக்கு வேணுமெண்டு போத்தலில தண்ணி நிரப்பினவவாம். அந்த இரவை அம்மா எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறா: நெரிசல், நாவற்குழிப் பாலம், நனைஞ்ச உடுப்பு. கிணறு ஒருநாளும் வாயில வந்ததில்லை.

கதியால்:
அக்கா, உங்கட பதிவைப் பார்த்திட்டு அப்பாவிட்டக் கேட்டேன். வளவு முழுக்கக் கீறினார், மாட்டுக்கொட்டில்கூட. மாமரத்துக்குக் கீழ இருந்த பங்கரைக் கீறேல்லை. “பங்கர் எங்க அப்பா?” எண்டதும் பென்சிலை வைச்சிட்டு எழும்பிப் போட்டார். அந்த மூலையில மரமும் இல்லை, வெறுந்தாள். இனிக் கேக்கமாட்டேன்.

மதுரைக்காரி:
ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் நான் பார்த்ததும் இப்படித்தான் இருந்தது. 1974-ல் 77 வயதுப் பெரியவர் ஒருவர், அணுகுண்டு விழுந்த நாளில் பார்த்ததைத் தான் வரைந்த படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு மற்றவர்களையும் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. பெரும்பாலோர் ஓவியம் பழகாதவர்கள். படத்தின் மேலேயே, ஓரத்தில், பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டுக் கை நீட்டுகிறவர்கள் படத்துக்குப் படம் வருகிறார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் இறந்துவிடுவார்கள் என்று சொல்லப்பட்டதால் கொடுக்காமல் போனவர்கள், முப்பது வருஷம் கழித்து அந்தக் கைகளை வரைந்திருக்கிறார்கள். வடலி அக்கா, உங்கள் அம்மாவின் கிணற்றைப் படித்ததும் அந்தக் கைகள்தான் கண்முன் வந்தன.

வடலி:
கதியால் தம்பி, அந்தத் தாளைக் கவனமாக வைச்சிருங்கோ, வெறும் மூலையோட.

இண்டைக்கு விடிய அம்மா தன்ர தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கினா. பார்த்தேன், கிணத்துக்கட்டில ஒரு செம்பு கீறியிருக்கிறா.