நள்ளிரவில் தானாக அலறும் அலாரம்: வயரிங் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது வயர் இழுத்துப் போட்ட பழைய செக்யூரிட்டி அலாரம். மழை பிடித்தால் போதும், திருடன் இல்லாமலே அலறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியவில்லை!

பேனலில் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) எப்போதும் காட்டுவது பின்கதவு ஜோன்தான், அதாவது அந்தக் கதவுக்கான வயர் இணைப்பு. ஈரத்தில் கதவு ஊதுகிறதே என்று கதவிலுள்ள காந்தத்தை, கதவு திறப்பதை உணரும் சுவிட்சுக்கு நெருக்கி வைத்தேன், தீரவில்லை. 12 வோல்ட் பேட்டரி புதியது. அந்த ஜோன் வயரைக் கழற்றிவிட்டு, கதவு மூடியிருப்பதாகப் பேனலுக்குக் காட்டும் வெறும் ரெசிஸ்டரை (மின்தடை) அங்கே மாட்டினால் சத்தமே இல்லை. ஆக, பேனல் மேல் எனக்குச் சந்தேகமில்லை. பரண் மேல் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று பச்சை பிடித்துக் கிடக்கிறது.

அதைச் சுத்தம் செய்து சால்டர் வைத்தால் போதுமா, வயரையே மாற்றணுமா? கதவை மூடி மல்டிமீட்டரில் பார்த்தால் சுவிட்ச் லூப் (சுவிட்சுக்குப் போய்த் திரும்பும் வயர் சுற்று) எத்தனை ஓம் வரை இருக்கலாம்? வந்த மெக்கானிக் மொத்தமாக வயர்லெஸ் போடச் சொல்கிறார், எனக்கு மனசில்லை.