ரஃபா மார்க்கெஸ்: பெரிய ஆட்டக்காரர், சரி. பெரிய கேப்டனா?

கோல்கம்பம்:
மெக்சிகோ கால்பந்து என்று பேச்செடுத்தாலே ரஃபயேல் மார்க்கெஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். 2002 முதல் 2018 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் கேப்டன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து முறையும் மெக்சிகோ நாக் அவுட்டின் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டியது. 2002இல் ஜியோன்ஜுவில் அமெரிக்காவிடம் 0-2 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, 88ஆவது நிமிடத்தில் கோபி ஜோன்ஸைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். 2009 பிப்ரவரியில் கொலம்பஸில் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் சிவப்பு அட்டை. 2014இல் நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ராபனுக்குக் கால் கொடுத்து பெனால்டி. மற்றவர்கள் பதறும்போது பதறாமல் நிற்கத்தானே கேப்டன்?

அட்லஸ்_பித்தன்:
நண்பரே, 2002 தப்பு தப்புதான். 23 வயதுப் பையன் கையில் கேப்டன் பட்டையைக் கட்டிவிட்டார்கள், கோபத்தை அடக்கத் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்பு அதே அணி குரோஷியாவையும் ஈக்வடாரையும் ஜெயித்து, இத்தாலியோடு டிரா செய்து, குரூப்பில் முதலிடம் பிடித்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

2014இல் ஃபோர்ட்டலேசாவில் நடந்த அந்த நெதர்லாந்து ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். முதல் பாதி முடியும் நேரத்தில், ராபனைத் தடுக்கப் போன எக்டர் மொரேனோவுக்குக் கால் முறிந்தது. இரண்டாம் பாதி முழுக்க மார்க்கெஸுக்குப் பக்கத்தில் மொரேனோ இல்லை. தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு வெயில். வயது 35. ஜியோவானி தோஸ் சாந்தோஸ் 48ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். சற்று நேரத்தில் பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்து அணியையே பின்னால் இழுத்தார். 88இல் நெதர்லாந்தின் ஸ்னைடர் சமன் செய்தார். அப்புறம்தான் அந்த பெனால்டி. ராபன் கோட்டோரம் உள்பக்கமாகத் திரும்புகிறார், மார்க்கெஸ் காலை நீட்டுகிறார், லேசாகப் படுகிறது, ராபன் கையை விரித்து விழுகிறார். ஹுன்டெலார் அடித்தார், 2-1. "நோ எரா பெனால்", அது பெனால்டியே இல்லை என்று மெக்சிகோ இன்றும் சொல்கிறது. எனக்கு அது பெனால்டிதான். ஆனால் 88 நிமிடம் கட்டிக்காத்த ஒருவரை அந்த ஒரு காலை வைத்து எடை போடாதீர்கள்.

இடதுவிங்:
குறுக்கே வருகிறேன். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கின் 2006 இறுதி ஆட்டத்தில், ஆர்சனலுக்கு எதிராக பார்சிலோனா அணியில் புயோலுக்குப் பக்கத்தில் தொடக்கம் முதல் நின்றவர் மார்க்கெஸ். அந்தக் கோப்பையை வென்ற முதல் மெக்சிகோக்காரர். அவருக்கு முந்தைய மெக்சிகோ நட்சத்திரம் ஊகோ சான்செஸ் ரியல் மாட்ரிடில் எத்தனையோ கோல் அடித்தும் இந்தக் கோப்பை அவர் கைக்கு வரவில்லை. இதைவிட வேறு என்ன வேண்டும்?

கோல்கம்பம்:
இடதுவிங், நீங்கள் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள். பார்சிலோனாவில் கேப்டன் புயோல். சத்தம் போட, ஆளை நிறுத்த, நடுவரிடம் பேச அவர் இருந்தார். மார்க்கெஸ் பந்தை வாங்கி 40 மீட்டர் தள்ளிப் போட்டால் போதும், அதை அவரைப்போலச் செய்தவர்கள் குறைவு. 2003 முதல் 2010 வரை நாலு லீக் பட்டம், அதெல்லாம் உழைத்து வாங்கியது. அதனால்தான் சொல்கிறேன்: பக்கத்தில் ஒரு தலைவர் இருந்தபோது அவர் உச்சம். தானே தலைவரானபோது இல்லை.

அட்லஸ்_பித்தன்:
இது நல்ல வாதம். ஆனால் மெக்சிகோவின் லியோன் கிளப்பை மறந்துவிட்டீர்கள். நியூயார்க்கில் சரிப்படாமல் ஊர் திரும்பிய ஆளை இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதிவிட்ட நேரம். 2012இல்தான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்த அணி அது. அதற்கு கேப்டனாகி 2013 அபெர்துரா, 2014 கிளாசுரா (மெக்சிகோ லீக்கில் அரை சீசனுக்கு ஒரு பட்டம்) என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம். அங்கே எந்தப் புயோல் இருந்தார்?

இன்னொன்று, 2010 ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். தென்னாப்பிரிக்காவின் ட்ஷபலாலா கோல் அடித்து மைதானமே அதிர்கிறது. 79ஆவது நிமிடம், இடமிருந்து மெக்சிகோவின் குவார்தாதோ பந்தை உள்ளே தூக்குகிறார். தென்னாப்பிரிக்கத் தற்காப்பு வரிசை முன்னேற, ஒருவர் மட்டும் தாமதிக்கிறார், அதனால் ஆஃப்சைடு இல்லை. தூரத்துக் கம்பத்தில் தனியாக நிற்பது மார்க்கெஸ். அவசரப்பட்டு வந்தவாக்கில் உதைக்கவில்லை. அடக்கினார், பார்த்தார், அடித்தார். 1-1. 2006இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்திலேயே முதல் கோல் போட்டதும் அவர்தான், 2014இல் குரோஷியாவுக்கு எதிராக கார்னரில் தலையால் முட்டி வழி திறந்ததும் அவர்தான். அணிக்கு ஒன்று தேவைப்பட்டபோது பின்வரிசையிலிருந்து போய்ப் போட்டுவிட்டு வந்தவர்.

மழைநாள்மைதானம்:
2018ஐ யாரும் தொடவில்லையே. 2017 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை தன் தடைப்பட்டியலில் மார்க்கெஸின் பெயரைச் சேர்த்தது. போதைப்பொருள் கும்பலோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார், 2021இல் பெயர் நீக்கப்பட்டது. இடையில் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில், பயிற்சியின்போது மற்றவர்கள் சட்டையில் விளம்பரப் பெயர்கள், அவர் சட்டையில் மட்டும் ஒன்றும் இல்லை. 39 வயதில், அணி நடுவே அப்படித் தனித்துத் தெரிவது எப்படி இருந்திருக்கும்! ஜெர்மனிக்கு எதிராக 1-0 என்று முன்னிலையில் இருக்கும்போது குவார்தாதோவுக்குப் பதிலாக இறங்கினார். அணி அந்தக் கோலைக் காத்து ஜெயித்தது. பிரேசிலுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள், இடைவேளையில் வெளியே எடுத்தார்கள். அப்போது ஸ்கோர் 0-0.

அப்புறம், கோல்கம்பம், 1994இலும் 1998இலும் மெக்சிகோ இதே கட்டத்தில்தான் வெளியேறியது, அப்போது மார்க்கெஸ் அணியில் இல்லை. 2022இல் அவர் இல்லாமல் போனபோது குரூப்பையே தாண்டவில்லை. ஐந்தாவது ஆட்டம், அதாவது காலிறுதி, அவர்களுக்கு எட்டாததற்கு ஒரு மனிதனைக் கைகாட்ட முடியாது.

கோல்கம்பம்:
லியோனை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது என் தவறு. பக்கத்தில் தலைவர் வேண்டும் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த விளம்பரமில்லாச் சட்டையும் என்னை யோசிக்க வைக்கிறது, அதைச் சுமந்துகொண்டு ஆடியவரைப் பலவீனமானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபோர்ட்டலேசாவையும் விட்டுவிடுகிறேன்.

கொலம்பஸுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மெக்சிகோ ஒரே ஒரு கோல்தான் பின்னால், இன்னும் 25 நிமிடம் பாக்கி. அவருக்கு அப்போது 23 இல்லை, 30 ஆகப்போகிறது. சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தாயிற்று. பந்தை எடுக்க வந்த கோல்கீப்பர் டிம் ஹவர்ட் மேல் பூட்ஸ் ஆணி தெரியக் காலை நீட்டினார். பத்துப் பேரோடு ஆடி மெக்சிகோ 0-2 தோற்றது. அந்தக் கால் ஏன் போனது, அட்லஸ்_பித்தன்?

அட்லஸ்_பித்தன்:
தெரியவில்லை, நண்பரே. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அமெரிக்காவுக்கு எதிராக மட்டும் அவருக்குள் வேறு யாரோ வந்து ஆடுவதுபோல் இருக்கும். அந்த ஆட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை.