நன்கொடையை ஊக்குவிக்கும் அமைப்புகளின் பரந்த பயனை எப்படி அளப்பது?

கேள்வி:
2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய 'கிவிங் வாட் வி கேன்', வருமானத்தில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பயன்மிக்க அறப்பணிகளுக்கு வழங்கும் உறுதிமொழியை மக்களிடம் பெறுகிறது. 2020 முதல் 2022 வரை தான் செலவிட்ட ஒவ்வொரு டாலரும் சுமார் 30 டாலர் கொடையை உருவாக்கியதாக அது மதிப்பிட்டது. நண்பரைப் பார்த்து நண்பர் கொடுப்பது, ஒருவர் வேலையையே மாற்றிக்கொள்வது போன்ற விளைவுகளை இதில் எப்படிச் சேர்ப்பது?

பதில் 1:
சேர்ப்பதற்கு முன் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். அதே மதிப்பீட்டின் எச்சரிக்கையான கணக்கு 9 டாலர்தான். உறுதிமொழி எடுத்தவர் ஆண்டுக்கு 5,000 டாலர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பு இல்லாவிட்டாலும் 4,000 கொடுத்திருப்பார் என்றால், கூடுதல் தொகை 1,000 மட்டுமே. ஆனால், அந்த 4,000 பயன் குறைந்த இடத்திலிருந்து மலேரியாத் தடுப்புக் கொசுவலைகளுக்குத் திரும்பியிருந்தால், அதிலும் அமைப்புக்கு ஒரு பங்குண்டு.

பதில் 2:
எனக்கு உறுத்துவது இரட்டைக் கணக்கு. அறப்பணி அமைப்புகளை மதிப்பிடும் 'கிவ்வெல்' எங்கே கொடுக்கலாம் என்று ஆராய்ந்து பரிந்துரைக்கிறது, இன்னோர் அமைப்பு கொடையாளரை அழைத்து வருகிறது, மூன்றாவது அமைப்பு கொசுவலையை வழங்குகிறது. ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டார் உரிமை கொண்டாடுவதுபோல் மூவரும் அதே டாலரை முழுதாகத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பதில் 3:
நண்பர் வழி வந்த கொடையை, புதிதாகச் சேர்பவரிடம் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று அன்றே கேட்டால் ஓரளவு பிடிக்கலாம், ஆண்டுகள் கழித்துக் கேட்டால் நினைவு நம்பத்தக்கதன்று. வேலை மாற்றத்தை டாலராக்க முயல வேண்டாம், தனியாகவே எழுதி வைக்கலாம்.