பாங்காக்கில் எங்கே தங்குவது? அரண்மனை ‘நடக்கும் தூரம்’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி

படித்துறை
முதன்முறையாகப் பாங்காக் செல்லவிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, ‘சுரங்கரயில்’ என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று இந்த மன்றத்தில் அறிவுரை வழங்கியிருந்தார். ‘சுகும்வித்தில் அசோக் நிலையத்தருகே அறை எடுங்கள், அதுதான் நகரின் மையம், சுரங்க ரயிலேறிச் சனாம் சாயில் இறங்கினால் பேரரண்மனை நடக்கும் தூரம்’ என்பது அதன் சாரம். எது மையம் என்ற கேள்வியை அவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ‘நடக்கும் தூரம்’ என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. சனாம் சாய் நிலையம் அரண்மனைக்குத் தெற்கே இருக்கிறது. பார்வையாளர் நுழையும் வாசலோ வடக்கே, நா ப்ரா லான் சாலையில் இருக்கிறது. இடையில் வாட் போ கோயில் முழுவதையும் கடக்க வேண்டும், கடந்த பிறகு அரண்மனை மதிலின் ஒரு பக்கம் முழுவதையும் கடக்க வேண்டும். நான்கு பக்கமும் சேர்த்து 1,900 மீட்டர் நீளமுள்ள மதில் அது. கண்ணுக்கெதிரே கோபுரம் தெரிந்துகொண்டே இருக்கும், வாசல் மட்டும் வராது. ஆறு முறை அந்நகருக்குச் சென்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சிலோம் பகுதியில் தங்குங்கள், வான்ரயிலில் சபான் தக்சின் சென்று இறங்குங்கள், அதன் காலடியிலேயே இருக்கும் சாதோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகேறித் தா சாங் துறையில் இறங்குங்கள். ‘தா’ என்றால் துறை, ‘சாங்’ என்றால் யானை. அரசரின் யானைகள் குளித்த துறை. அங்கிருந்து வாசலுக்கு நடப்பதுதான் நடக்கும் தூரம்.

சுரங்கரயில்
ஐயா, உங்கள் ஆறு பயணங்களில் எத்தனை 2019-க்குப் பிந்தியவை என்று தெரிந்துகொள்ளலாமா? சுரங்க ரயிலின் நீலத் தடம் சனாம் சாய் வரை நீண்டது அந்த ஆண்டில்தான். அதற்கு முன் பழைய நகரத்துக்கு ரயிலே இல்லை என்பதால் படகைப் புகழ்ந்தவர்கள் பலர், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலும். அசோக் வான்ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் சுகும்வித் சுரங்க ரயில் நிலையத்தில் ஏறினால் எங்கும் மாறாமல், குளிரூட்டப்பட்ட பெட்டியில் உட்கார்ந்தபடி, ஒன்பதாவது நிறுத்தத்தில் சனாம் சாய். அரசவை மண்டபம் போலத் தூண்களும் பொற்கோலமும் அமைத்த அந்த நிலையமே பார்க்க வேண்டிய இடம்தான். அங்கிருந்து 1.3 கிலோமீட்டர். இதை நடக்க முடியாதவர் திருவண்ணாமலையில் கிரிவலம் போவது எப்படி?

படித்துறை
ஒன்றரைக் கிலோமீட்டர் என்பதே சரி. 1.3 என்பது குறைத்துச் சொன்ன கணக்கு. கிரிவலம் மாலையிலும் இரவிலும் போகிறார்கள். அரண்மனையோ காலை 8:30-க்குத் திறந்து மாலை 3:30-க்கு அனுமதியை நிறுத்திவிடும் இடம். அதற்குள் அரைக்கால் சட்டையும் கையில்லாச் சட்டையும் கூடாது, முழுக்கால் சட்டை அணிந்தே வெயிலில் நடக்க வேண்டும். சென்ற சித்திரையில் நானே சனாம் சாயில் இறங்கி நடந்து பார்த்தவன், அதனால் 2019 பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்திருக்கும். வாசலை அடைந்தபோது அந்நாட்டுப் பணம் 500 பாட் கொடுத்து உள்ளே போகும் ஆசையே வடிந்துவிட்டது.

நெல்லைச்சீமை
இருவரும் தனியாள் கணக்கே பேசுகிறீர்கள். நான் அறுபத்தெட்டு வயது அம்மாவை அழைத்துச் சென்றேன், அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சனாம் சாயில் இறங்கி முதலில் வாட் போ சென்றோம். அது உண்மையிலேயே பக்கம். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரை அம்மா தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, ‘இவருக்கே படுக்க வேண்டியிருக்கிறது, எனக்கு மட்டும் என்ன’ என்று சொல்லி நிழலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தா தியன் துறையில் படகேறி ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயிலைப் பார்த்தோம். அரண்மனையை மறுநாள் காலையில் வாடகைக் காரில் போய்ப் பார்த்தோம். இருவரும் சொல்லாத வழி இது.

சுரங்கரயில்
அக்கா சொல்வது என் கருத்துக்கே வலு சேர்க்கிறது. சனாம் சாயில் இறங்கி நடந்திருக்கிறார், நடக்க முடிந்திருக்கிறது.

படித்துறை
வாட் போ வரை. அரண்மனை வரை அல்ல. மறுநாள் காரில் போனதாக அவரே எழுதியிருப்பதைப் படிக்காமல் பதில் எழுதும் வழக்கத்தை, கோலாலம்பூர் விவாதத்திலேயே உங்களிடம் கண்டேன். பத்து மலையின் 272 படிகளை ‘சும்மா ஒரு ஏற்றம்’ என்று எழுதியவரும் நீங்கள்தானே.

சுரங்கரயில்
அங்கும் நான் ஏறினேன், நீங்கள் கீழே நின்று படிகளை எண்ணினீர்கள். பழையதைக் கிளற வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுத்தாணி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘பாங்காக்’ என்றா ‘பேங்காக்’ என்றா எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், அங்கே எப்படி நடப்பது என்பதைப் பிறகு பேசலாம். அந்நாட்டினர் இரண்டையும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது குருங் தேப். முழுப்பெயரோ உலகின் மிக நீளமான ஊர்ப்பெயர்களில் ஒன்று. இந்திரன் அளித்து விசுவகர்மா கட்டிய நகர் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி, அசோக்கில் அறை எடுத்து, ‘மங்சவிரத்’ என்று கேட்டு மரக்கறி உண்ணும் ஊரை நாம் ஆங்கிலேயரிடமிருந்து கடன் வாங்கி உச்சரிக்கிறோம்.

கத்தரிக்காய்
எழுத்தாணி ஐயா போகிற போக்கில் மங்சவிரத் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார், அதை நம்பி யாராவது சாப்பிட்டுவிடப் போகிறார்கள். மாம்ச விரதி என்ற வடமொழிச் சொல்லே அப்படி ஆனது என்பது சரிதான், ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் தட்டில் முட்டை வரும். ‘நாம் ப்லா’ எனும் மீன் சாறு அங்கே நம் ஊர் உப்பு மாதிரி. சைவர்கள் கேட்க வேண்டிய சொல் ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் எழுதி மாட்டியிருப்பார்கள், அங்கே முட்டையும் இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. தங்கும் இடத்தை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சுகும்வித்தில் நானா நிலையத்தைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு, பாஹுரத் துணிக்கடைத் தெருவிலும் உண்டு.

படித்துறை
சிலோமிலும் உண்டு. அங்கே பான் சாலை முனையில் தமிழர்கள் 1879-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஊரார் அதை வாட் கேக் என்பார்கள். விசயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சிலோம் சாலையில் தேங்காயும் சாமந்தியும் வைத்துக் காத்திருப்பவர்களில் நம்மவரைவிடத் தாய்லாந்தினரே அதிகம். சுகும்வித்தில் தங்குபவருக்கு இந்தக் காட்சி உண்டா?

சுரங்கரயில்
ஆண்டுக்கு ஒருநாள் இரவில் வரும் ஊர்வலத்துக்காக ஆண்டு முழுவதும் சிலோமில் அறை எடுக்கச் சொல்கிறீர்களா? அன்றைக்கு நாங்கள் ரயிலேறி வந்து பார்த்துக்கொள்கிறோம். சிலோம் நிலையம் நான்காவது நிறுத்தம். அங்கிருந்து கோயில்வரை எத்தனை தூரம் என்று கேட்டுவிடாதீர்கள், நடக்கும் தூரம் என்று சொல்லிவிடுவேன்.

பாங்லாம்பூபயணி
இரண்டு பேரும் கிழக்கே உட்கார்ந்துகொண்டு மேற்கே இருக்கும் அரண்மனைக்கு வழி தேடுகிறீர்கள். 1782-இல் மன்னர் முதலாம் ராமர் ஊரை நிறுவிய இடம் பழைய நகரம்தான், அதனால் மையம் என்றால் அதுதான் மையம். காவ் சான் சாலையின் கூச்சல் பிடிக்காதவர்களுக்குப் பக்கத்துச் சந்துகளில் அமைதியான விடுதிகள் இருக்கின்றன. காலையில் எழுந்து சனாம் லுவாங் திடலின் ஓரத்துப் புளியமரங்களுக்கு அடியில் நடந்தால் நேரே வடக்கு வாசலுக்குப் போய்ச் சேரலாம். ரயிலும் வேண்டாம், படகும் வேண்டாம். ஊஞ்சல் கம்பமும் அதே பகுதியில்தான் இருக்கிறது.

சுரங்கரயில்
காவ் சானிலிருந்து அந்த வாசலுக்கு எத்தனை தூரம், நண்பரே? ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு மேல். அது நடக்கும் தூரம் என்றால் என்னுடையதும் நடக்கும் தூரம்தான். படித்துறை ஐயா இதை ஏன் கண்டுகொள்ளவில்லை என்று வியக்கிறேன்.

படித்துறை
கண்டுகொண்டேன். அங்கே புளியமரம் இருக்கிறது. உங்கள் வழியில் மதில் இருக்கிறது, அதுவும் வெள்ளையடித்த மதில். வெயிலை வாங்கி நம் முகத்திலேயே திருப்பி அடிக்கும். தூரத்தை மீட்டரில் அளப்பவர் நடந்திருக்க மாட்டார், நடந்தவர் நிழலில் அளப்பார். அந்த நடையில் பாதி வழியில் ஒருவர் வந்து ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட் தந்தால் டுக் டுக்கில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன்’ என்று அன்போடு அழைப்பாரே, அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரோடு போனால் கடைசியில் இரத்தினக் கடையில்தான் கொண்டுபோய் இறக்குவார். நீளமான நடை என்றால் அவருக்கு வாய்ப்பும் நீளம்.

சுரங்கரயில்
உங்களுக்கு அந்த அனுபவம் இருப்பது வரிகளிலேயே தெரிகிறது. எவ்வளவுக்கு மோதிரம் வாங்கினீர்கள்?

படித்துறை
வாங்கவில்லை. கடைவாசல் வரை போனது உண்மை, அதை மறைக்கவில்லை. அது 2008-இல், நடந்தபோது அல்ல.

நெல்லைச்சீமை
ஊஞ்சல் கம்பத்தை ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்குத்தானே நம்மவர்கள் போக வேண்டும்? சாவோ சிங் சா எனும் அந்தச் செந்நிறத் தேக்குக் கம்பங்களில் 1935 வரை ஊஞ்சலாடும் விழா நடந்தது. இப்போது நிற்பது 2007-இல் புதுப்பித்து நிறுத்தியது. பக்கத்திலேயே தேவஸ்தானம் எனும் பிராமணர் கோயில். அரசவைப் பிராமணர்கள் இன்றும் மார்கழியை ஒட்டி ‘த்ரியம்பாவாய் த்ரிபாவாய்’ என்ற சடங்கில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையைப் பொருள் மறந்து ஒலி திரிந்து ஓதுகிறார்கள். பெயரைக் கேட்டாலே திருவெம்பாவையும் திருப்பாவையும் காதில் விழுகின்றன. அந்தக் கம்பத்தடியில் அம்மா ‘ஆதியும் அந்தமும் இல்லா’ என்று தொடங்கிவிட்டார். நீங்கள் இருவரும் மதிலை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

எழுத்தாணி
‘சாவோ சிங் சா’ என்பதில் ‘ச்சா’ என்று அழுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

சுரங்கரயில்
நல்ல செய்தி, அக்கா. ஊஞ்சல் கம்பத்துக்குச் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அதுவும் நீலத் தடம்தான், சனாம் சாய்க்கு முந்தைய நிறுத்தம். சிலோமிலிருந்து படகில் போகிறவர் அங்கே எப்படிப் போவார்? ஆறு அந்தப் பக்கம் திரும்புவதில்லையே.

படித்துறை
சிலோமிலும் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது என்பதைச் சற்று முன் நீங்களே எழுதினீர்கள். சனாம் சாய்க்கு உங்கள் அசோக்கிலிருந்து ஒன்பது நிறுத்தம், என் சிலோமிலிருந்து ஐந்தே நிறுத்தம். ஆக, ரயில் வேண்டும் என்றாலும் சிலோம், படகு வேண்டும் என்றாலும் சிலோம், அம்மன் வேண்டும் என்றாலும் சிலோம். உங்களிடம் இருப்பது மையம் என்ற சொல் மட்டுமே.

சுரங்கரயில்
என்னிடம் விமான நிலையமும் இருக்கிறது. சுவர்ணபூமி ரயிலில் மக்கசானில் இறங்கிப் பெட்சபுரி நிலையத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் சுகும்வித். பெட்டிகளோடு வருகிற குடும்பத்துக்கு அதுதான் பெரிது. சனிக்கிழமை ஜதுஜக் சந்தைக்குப் போகவும் அதே தடம் போதும். சென் சேப் கால்வாய்ப் படகும் அசோக்கில் நிற்கிறது, அதில் ஏறினால் பழைய நகரத்தின் கிழக்கு விளிம்பு வரை போகலாம். படகு உங்கள் சொத்து அல்ல.

படித்துறை
கால்வாய் நீர் தெறிக்காமலிருக்கத் தார்ப்பாயைக் கயிறு இழுத்து உயர்த்தும் படகில் குழந்தைகளோடு ஒருமுறை போய்விட்டு எழுதுங்கள். பெட்டி இழுப்பது பயணத்தில் இரண்டே முறை. அரண்மனைக்கு நடப்பது பற்றியதே கேள்வி. அது ஒன்றரைக் கிலோமீட்டர்.

சுரங்கரயில்
1.3.

கத்தரிக்காய்
அந்தக் குடும்பம் சைவமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

படித்துறை
இத்தோடு முடித்துக்கொள்ள நினைத்தேன், ஆனால் ஓர் எண்ணைத் தவறாக விட்டுவிட்டுப் போவது எனக்கு வழக்கமில்லை. மார்கழியில் திருவெம்பாவைச் சடங்கு பார்க்க மீண்டும் போகிறேன். சனாம் சாய் நிலையத்தின் முதலாம் வாயிலிலிருந்து நா ப்ரா லான் வாசல்வரை கடிகாரம் பார்த்து நடந்து, நேரத்தையும் தூரத்தையும் இங்கே எழுதுகிறேன். அப்போது நண்பர் ஏற்றுக்கொள்வாரா?

சுரங்கரயில்
மார்கழியில் நடந்துவிட்டுச் சித்திரை வெயிலுக்குத் தீர்ப்பு எழுதுவீர்களா? தூரத்தை மீட்டரில் அளப்பவர் நடந்திருக்க மாட்டார் என்று சொன்னதும் நீங்கள்தான், ஐயா.

படித்துறை
அப்படியென்றால் சித்திரையிலும் போகிறேன். சிலோமில்தான் தங்குவேன்.