நேர்காணல் செய்பவரின் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடுமா?

நெல்லைக் கணக்கர் (கேள்வி):
வணக்கம். திருநெல்வேலியில் ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சென்னையில் உள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஜிஎஸ்டி பிரிவுக்கு அடுத்த வாரம் நேர்காணல்; அழைப்பு மின்னஞ்சலில் நேர்காணல் செய்யும் இருவரின் பெயர்களும் உள்ளன. லிங்க்ட்இன்னில் தேடியபோது ஒருவரின் பக்கம் கிடைத்தது; மற்றவருக்குப் பெயரே இல்லாமல் ‘லிங்க்ட்இன் மெம்பர்’ என்று மட்டும் வருகிறது. கிடைத்த பக்கத்தைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடுமா? மேலும், என் பக்கத்தைப் புதுப்பித்தால் தற்போதைய அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு அறிவிப்பு போய்விடுமோ என்றும் கவலையாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

கடலூர் வாசகர்:
சாதாரண அமைப்பில் பார்த்தால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். ‘செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி’யில் ‘விசிபிலிட்டி’ பகுதிக்குச் சென்று, ‘புரொஃபைல் வியூயிங் ஆப்ஷன்ஸ்’ என்பதில் ‘பிரைவேட் மோட்’ தேர்ந்தெடுத்தால் பெயர் தெரியாது. ஆனால் கட்டணமில்லாக் கணக்கு வைத்திருப்பவர் இப்படி மறைந்துகொண்டால், தம் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்பதைத் தாமும் காண முடியாது. ஏற்கெனவே இருந்த பட்டியலும் அழிந்துவிடும். நேர்காணலுக்கு முன் அந்த நிறுவனத்தார் உங்களைத் தேடினார்களா என்று அறிய விரும்பினால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

இரண்டாமவரின் பெயர் மறைந்து வருவது உங்கள் தொடர்பு வட்டத்துக்கு வெளியே அவர் இருப்பதால்தான். அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துக் கூகுளில் தேடுங்கள். அவர் தம் பக்கத்தைப் பொதுவில் வைத்திருந்தால் அங்கே கிடைக்கும்.

புதுப்பிப்பதைப் பொறுத்தவரை, பணி விவரத்தைத் திருத்தும் படிவத்திலேயே ‘நோட்டிஃபை நெட்வொர்க்’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அணைத்துவிட்டுச் சேமித்தால் அறிவிப்பு போகாது. ஆனாலும் உங்கள் பக்கத்துக்கே வந்து பார்ப்பவர் கண்ணில் மாற்றம் படத்தான் செய்யும்.

மனிதவளப் பிரிவில் இருந்தவர்:
விண்ணப்பதாரர் எங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால், தயாராகி வருகிறார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோமே தவிர, யாரும் தவறாக நினைத்ததில்லை. ஆகவே மறைந்து பார்ப்பதில் இத்தனை முனைப்பு தேவையில்லை. நேர்காணலுக்கு முன் இணைப்புக் கோரிக்கை அனுப்புவதைத்தான் தவிர்க்க வேண்டும். பரிந்துரை தேடுவது போலத் தோன்றும். அவருடைய முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கம் வரை போய்ப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, அதைப் பேச்சில் நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம்.

நெல்லைக் கணக்கர்:
இருவருக்கும் நன்றி. இரண்டாமவரின் பக்கமும் கூகுள் வழியாகக் கிடைத்துவிட்டது. உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் செலுத்திய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வதை, சரிபார்ப்பதே அவருடைய முதன்மைப் பொறுப்பு என்று போட்டிருக்கிறார். ஊழியர்கள் நிறுவனங்களைப் பற்றி எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்தில் இதே பதவிக்குக் கேட்ட கேள்விகளைப் பார்த்தேன். வழங்குநர்கள் தாக்கல் செய்ததை வைத்து நமக்கான வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2ஏ, 2பி அறிக்கைகளின் வேறுபாட்டைப் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். யூடியூப் காணொளி ஒன்றில் சொல்லியிருந்த விடையை அப்படியே படித்து வைத்துக்கொள்ளலாமா?

ஈரோட்டு வரி ஆலோசகர்:
அந்தக் காணொளி எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள், தம்பி. வழங்குநர்கள் படிவம் தாக்கல் செய்யச் செய்ய 2ஏ மாறிக்கொண்டே இருக்கும், மாதந்தோறும் 14ஆம் தேதி உருவாகும் 2பி மாறாது என்பதுதான் பழைய காணொளிகளில் சொல்லும் விடை. 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்ற வசதி வந்த பிறகு அது பாதி விடைதான். அதில் வழங்குநரின் விலைப்பட்டியலை ஏற்கவோ மறுக்கவோ நிலுவையில் வைக்கவோ இப்போது முடியும். 14ஆம் தேதிக்குப் பிறகும், வரி செலுத்தும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பியைத் தாக்கல் செய்வதற்கு முன் அப்படி நடவடிக்கை எடுத்தால், 2பியைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வரி வரவையே நாள்தோறும் பார்ப்பவர் எதிரே அமர்ந்திருக்கும்போது ‘2பி மாறவே மாறாது’ என்று முடித்துவிட்டால், அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.

நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் வேலை வாய்ப்புப் பதிவுகளையும் ஓராண்டுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். கணக்கு மென்பொருளை டேலியிலிருந்து எஸ்ஏபிக்கு மாற்றுவதாக எங்கேனும் தெரிந்தால், பழைய நிலுவைகளை ஒத்திசைப்பது பற்றி ஒரு கேள்வி உங்கள் பக்கமிருந்து கேட்கலாம். பண்டிகை வாழ்த்துப் பதிவுகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

நெல்லைக் கணக்கர்:
மிக்க நன்றி, ஐயா. கடைசியாக ஒன்று: ‘ஓப்பன் டு வொர்க்’ போடலாமா?

மனிதவளப் பிரிவில் இருந்தவர்:
எல்லாருக்கும் தெரியும்படி போட்டால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். உங்கள் அலுவலகத்தாரும் பார்ப்பார்கள். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்ற தேர்வும் இருக்கிறது. அதில்கூட உங்கள் நிறுவனத்தாருக்குத் தெரியாமல் இருக்க லிங்க்ட்இன் முயலுமே தவிர, உறுதி தராது. நேர்காணல் கையில் இருக்கும்போது இப்போது அதைத் தொடாமல் விடுங்கள்.