ஆஸ்டியோபதிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கயல், லான்சிங், மிச்சிகன்

வணக்கம் நண்பர்களே,

எங்கள் தமிழ்ப்பள்ளியில் வரும் ஞாயிறு ஒரு சந்திப்பு. இப்போது கல்லூரியில் இளநிலை படிக்கும் பழைய மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் வருகிறார்கள். மருத்துவராக எம்.டி. மட்டும்தான் வழி என்றில்லை, டி.ஓ. என்ற ஆஸ்டியோபதிப் பட்டமும் ஒன்று இருக்கிறது என்று சொல்லப்போகிறோம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதும். பெற்றோருக்கும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் தமிழில் இரண்டு பக்கம் தரவேண்டும். வெள்ளி மாலை அச்சுக்குப் போகணும்.

போன வருடம் அவசரத்தில் "எலும்பு மருத்துவம்" என்று போட்டுவிட்டேன். பேச வந்த டி.ஓ. மாணவி ஒரு அப்பாவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, தோள்பட்டைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, எந்த விலா எலும்பு சரியாக ஏறி இறங்கவில்லை என்று காட்டினாள். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா, "அட, நம்ம புத்தூர் கட்டு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நாலு வருட இளநிலை, எம்கேட் நுழைவுத் தேர்வு, அதற்குமேல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

வேர்நாடி, கோவை

அம்மா கயல்,

கவலை எதற்கு? கிரேக்கத்தில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு, பாத்தோஸ் என்றால் துன்பம், நோய். "என்புநோய் மருத்துவம்" என்று நேராக வந்துவிடுகிறது. "அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு" என்று வள்ளுவர் ஆண்ட சொல். எலும்பு என்று பேச்சுவழக்கில் எழுதியதால்தான் புத்தூர் கட்டு வந்து நின்றது.

இன்னொன்று. "எல்லே இலக்கம்" என்கிறார் தொல்காப்பியர். எல் என்றால் ஒளி. சதை நீங்கியபின் வெளுத்து ஒளிர்வது எது? எலும்பு. எல், எலும்பு, என்பு. மலையாளத்தில் இன்றும் வெறும் "எல்லு"தான். இதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன், வேண்டுவோர்க்கு அனுப்புகிறேன்.

குறும்பன், சென்னை

ஐயா, பல்லும் வெளுப்புதான், அது ஏன் எல்லாகவில்லை? கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக. தெலுங்கில் ஒளி எங்கே போயிற்று?

ஆஸ்டியோனுக்கும் வடமொழி அஸ்திக்கும் ஒரே வேர். இனம் பார்த்துப் பெயர்வைப்பதென்றால் "அஸ்தி வைத்தியம்" என்றே வைக்கலாம். சிகிச்சைக்கு வந்தவரைக் கையோடு இராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டும் வரலாம்.

பொன்னி, செயின்ட் லூயிஸ், மிசூரி

குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. நான் டி.ஓ., இப்போது ரெசிடென்சியில் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சியில்) இருக்கிறேன். பொறுக்கமுடியாமல் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் பெயரை மொழிபெயர்க்கிறீர்கள். பொருள் அங்கே இல்லை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், 1864இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்து மருந்துகள்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பாதரசத்தையே மருந்தென்று ஊற்றிக்கொடுத்த காலம் அது. உடலின் அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை, அமைப்பைக் கையால் சீர்செய்தால் உடல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் இதே மிசூரியில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளி தொடங்கினார். எலும்பிலிருந்து தொடங்கினார், அதனால் அந்தப் பெயர். அவ்வளவுதான்.

இன்றைக்கு ஐம்பது மாநிலங்களிலும் டி.ஓ. முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். நான் நாள் முழுக்கப் பார்ப்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், குழந்தைகளின் காதுவலி. எம்.டி. படிப்பில் உள்ளதெல்லாம் எங்களுக்கும் உண்டு, கூடவே கையால் செய்யும் சிகிச்சையில் சுமார் 200 மணி நேரப் பயிற்சி. "என்புநோய் மருத்துவம்" என்று எழுதினால் என் மாமியாரே மூட்டுவலிக்கு மட்டும்தான் என்னிடம் வருவார்.

கயல் அக்கா, இதையும் சேர்த்துவிடுங்கள். ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தபிறகுதான் எம்.டி. இங்கே எம்.டி. என்பதே முதல் மருத்துவப் பட்டம். இது தெரியாமல் "டி.ஓ. முடித்துவிட்டு எம்.டி. எப்போது?" என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை.

வேர்நாடி, கோவை

மருத்துவரம்மா சொன்னது சரி. என்புநோயை விட்டுவிடுகிறேன், என்பை விடமாட்டேன். "என்புசார் மருத்துவம்". சார் என்ற ஒட்டு நெகிழ்வானது.

அல்லது அமைப்பைச் சீர்செய்வது என்பதால் "உடற்கட்டு மருத்துவம்"?

குறும்பன், சென்னை

எங்கள் தெருவில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஜிம் இருக்கிறது, ஐயா.

கையால் செய்வதென்றால் "கைவைத்தியம்" என்று வைக்கலாமே என்று எழுதப்போனேன். அதற்குள் சுக்கும் மிளகும் கண்முன்னே வந்துவிட்டன.

மணிப்புறா, இலண்டன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு விடயம்.

முதலாவது, இங்கே பிரித்தானியாவில் ஒஸ்ரியோபத் என்றால் மருத்துவர் அல்லர். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற தனித் தொழிலர். மருந்து எழுதமாட்டார். அமெரிக்கப் பட்டதாரிகளோ மருத்துவர்கள். நீங்கள் ஒரே சொல்லைப் போட்டால், இலண்டனில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் வேறு கதை சொல்லுவார், வீட்டில் சண்டைதான் வரும். சொல்லில் "மருத்துவர்" என்பது கட்டாயம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, தமிழில் மருத்துவச் சொல்லாக்கம் என்றால் ஓர் அமெரிக்கரிடமிருந்துதான் தொடங்கவேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்து சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர் வைத்த பெயர் "அங்காதிபாதம்". இன்றைக்கு ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படித்தவர்கள் வைத்தியர்களாகி நோயாளிகளைப் பார்த்தார்கள். வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று அவர்கள் முதலில் சண்டை பிடிக்கவில்லை.

வேர்நாடி, கோவை

கிறீன் பெருமகனார்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்காதிபாதம் ஏன் நிற்கவில்லை? தமிழில் வேர் இல்லை, அதனால் நிற்கவில்லை. உடற்கூறு நின்றது. நீங்கள் சொன்னதே என் கட்சிக்குச் சான்று.

குறும்பன், சென்னை

"கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்றும் தொல்காப்பியர்தான் சொன்னார். ஓமியோபதியை ஊரே ஓமியோபதி என்கிறது. "ஆஸ்டியோபதி மருத்துவம்" என்று எழுதிவிட்டுப் படுக்கப்போகலாம்.

பொன்னி, செயின்ட் லூயிஸ்

அதில்தான் எனக்குப் பயம். "பதி" என்று முடிந்தாலே ஓமியோபதி, நேச்சுரோபதி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அதற்காக "முழுமை மருத்துவம்" என்றும் போட்டுவிடாதீர்கள், காலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் லேகியம் விற்பவர் மாதிரி இருக்கும்.

பெயர்ச் சிக்கல் எங்களுக்கே தீர்ந்தபாடில்லை. 1962இல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றித் தந்தார்கள். ஈராயிரம் பேருக்குமேல் மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஆள், அதே படிப்பு, பெயர்ப்பலகை மட்டும் வேறு. 2020இல் அதிபரின் மருத்துவர் ஒரு டி.ஓ. என்று தெரிந்ததும், அவர் உண்மையான டாக்டர்தானா என்று இணையத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். இத்தனைக்கும் இன்று இந்நாட்டில் மருத்துவம் படிக்கும் நால்வரில் ஒருவராவது டி.ஓ. கல்லூரியில்தான் இருக்கிறார்.

அதனால் எந்தச் சொல்லைப் போட்டாலும் அதன்கீழ் ஒரு வரி வேண்டும். அந்த வரிதான் முக்கியம்.

கயல், லான்சிங்

வியாழன் இரவு பதினொன்றரை. "ஆஸ்டியோபதி மருத்துவம்" என்றுதான் போடுகிறேன். தனி மடலில் எழுதிய மூவரும் இதையே சொன்னார்கள், மணிப்புறாவின் "மருத்துவர்" நிபந்தனையும் நிறைவேறுகிறது. கீழே பொன்னியின் வரி: "எம்.டி. போலவே எல்லா நோய்க்கும் மருத்துவம் பார்க்கும் முழு மருத்துவர். கூடுதலாகக் கைமுறைச் சிகிச்சையும் கற்றவர்." 2020 முதல் இரண்டு பட்டத்துக்கும் ஒரே ரெசிடென்சி முறை என்பதையும், விண்ணப்பத்துக்குமுன் ஒரு டி.ஓ.விடம் ஷேடோயிங் செய்தால் நல்லது என்பதையும் சேர்த்தாயிற்று. ஷேடோயிங்கை "உடனிருந்து பார்த்தல்" என்று எழுதிவிட்டேன். தயவுசெய்து அதற்கு ஒரு தனி இழை வேண்டாம்.

மணிப்புறா, இலண்டன்

"ஒஸ்ரியோபதி" என்று அடைப்புக்குள் ஒருக்கால் போட்டால் எங்கட ஆட்களுக்கும் விளங்கும். இடமில்லை என்றால் விடுங்கோ.

வேர்நாடி, கோவை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். "என்புசார் மருத்துவம்" என்பதை என் அகராதிக் கோப்பில் ஏற்றிவிட்டேன், பிள்ளைகள் ஒருநாள் தேடி வருவார்கள்.

ஆனால் "கைமுறைச் சிகிச்சை" உறுத்துகிறது. சிகிச்சை வடசொல். பண்டுவம் என்று நல்ல சொல் இருக்கிறது. "கைப்பண்டுவம்" எனலாம். சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்த தொக்கணம் இருக்க, இவர்களுக்கு ஏன்...

கயல், லான்சிங்

ஐயா, அச்சுக்குப் போய்விட்டது.