நான்காம் படிக்குப் பின் வரும் குறிப்பு: பட்டியலுக்கு உள்ளேயா, வெளியேயா?

அஸ்தம்பட்டி ஆவணர்:
ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் காப்பி பதப்படுத்தும் கையேட்டைப் பற்றி நேற்று நடந்த பேச்சில், "எண் பட்டியலை நடுவில் முடித்து, குறிப்பை எழுதிவிட்டு, அடுத்த படிக்கு 5 என்று கையால் இட்டுத் தொடருங்கள்" எனச் செவ்வாய்பேட்டை அச்சகத்தார் அறிவுரை கூறியிருக்கிறார். ஆவணம் எழுதும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். பழம் பறித்தல், நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தல், பல்ப்பரில் தோல் நீக்குதல், தொட்டியில் நொதிக்க வைத்தல், கழுவுதல், களத்தில் உலர்த்துதல் என்ற ஆறும் இதே வரிசையில் நடக்க வேண்டியவை. அதனால்தான் அங்கே புள்ளிப் பட்டியலுக்கு இடமில்லை. "குளிர் மிகுந்த நாட்களில் நொதிக்கக் கூடுதல் நேரம் ஆகும்" என்ற குறிப்பு நான்காம் படிக்கு உரியது. ஆகவே அது நான்காம் உறுப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஆவணத்தைக் குறியிட்டு எழுத உதவும் எச்டிஎம்எல், டாக்புக், லேட்டெக் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு பட்டியல் உறுப்புக்குள் எத்தனை பத்திகளையும் வைக்கலாம். எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் பத்தியை உள்தள்ளி எழுதினால் போதும்.

செவ்வாய்பேட்டை அச்சகத்தார்:
ஐயா, நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள், நான் தாளில் பார்க்கிறேன். கையடக்கப் புத்தகத்தில் வரியின் அகலமே குறைவு. அதிலும் குறிப்பை உள்ளே தள்ளினால், நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்குள் அடங்காமல், இருபுறமும் சமன் செய்த பத்தியில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். எச்சரிக்கை என்பது ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டம் கட்டி நிற்க வேண்டியது. கையால் எண் இடுவது பிடிக்கவில்லையென்றால், எச்டிஎம்எல் பட்டியலில் தொடக்க எண்ணைக் குறிக்கும் 'ஸ்டார்ட்' பண்புக்கு 5 என்று கொடுத்துக்கொள்ளுங்கள். டாக்புக்கிலும் முந்தைய பட்டியலின் எண்ணைத் தொடர்வதற்கென்றே 'கன்டினுயேஷன்' என்ற பண்பு இருக்கிறது. குறிப்பு வெளியே இருக்கலாம் என்று அந்த வரையறையை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கும்போது, நீங்கள் எதற்காகத் தடை விதிக்கிறீர்கள்?

அஸ்தம்பட்டி ஆவணர்:
நீங்கள் தோற்றத்தையும் கட்டமைப்பையும் குழப்புகிறீர்கள். கட்டம் ஓரம் வரை நிற்க வேண்டுமானால் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாளில் அந்தக் குறிப்புக்கு எதிர்மறை ஓரம் கொடுங்கள். அதற்காகப் பட்டியலை வெட்டுவது மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதாகும். 'ஸ்டார்ட்' பண்பில் எழுதும் 5 உறைந்துபோன எண். நாளைக்கு இரண்டாம் படியை இரண்டாகப் பிரித்தால் முதல் பட்டியல் 5இல் முடியும், அடுத்த பட்டியலும் 5இலேயே தொடங்கும். களத்தில் நிற்பவர் எந்த ஐந்தைப் பார்ப்பார்? 'கன்டினுயேஷன்' பண்பு எண்ணைச் சரியாகக் கணக்கிடும், ஆனாலும் பட்டியல் இரண்டுதான். பார்வையற்ற ஒருவர் அந்தப் பக்கத்தைத் திரைவாசிப்பானில் திறந்தால், ஆறு உறுப்புகள் கொண்ட ஒரு பட்டியல் என்று கேட்பதற்குப் பதிலாக, நான்கு உறுப்புகள் கொண்ட ஒன்றையும் இரண்டு உறுப்புகள் கொண்ட இன்னொன்றையும் தனித்தனியாகக் கேட்பார். குறிப்பு உள்ளேதான் இருக்க வேண்டும்.

நாகலூர் தோட்டத்தார்:
எங்கள் பல்ப்பர் கொட்டகையில் படிகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அங்கே யாரிடமும் திரைவாசிப்பான் இல்லை. 5 என்ற எண் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அதே படிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, உள்தள்ளிய குறிப்பு எங்கேயோ போய் நிற்கிறது. கையால் இட்ட எண் இட்ட இடத்தில் நிற்கும்.

அஸ்தம்பட்டி ஆவணர்:
வாட்ஸ்அப்பே 2024இல் எண் பட்டியலைக் கொண்டுவந்துவிட்டது, ஐயா. சுவரொட்டியும் ஆவணமும் ஒன்றல்ல என்பதை எத்தனை முறை சொல்வது?

சூரமங்கலம் வாசகர்:
நீங்கள் மூவரும் 5 என்று எழுதுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் தமிழ் எண்களுக்கெனப் பட்டியல் நடை இருக்கும்போது, தமிழ்க் கையேட்டில் ௫ என்று ஏன் போடக் கூடாது?

செவ்வாய்பேட்டை அச்சகத்தார்:
அந்த நடை பத்தாவது படிக்கு ௧௦ என்று இடும். நம் முன்னோர் ௰ என்று எழுதினார்கள். பாதித் தமிழை வைத்துக்கொண்டு பெருமை பேச வேண்டாம்.

சூரமங்கலம் வாசகர்:
ஆறு படிகள் உள்ள கையேட்டில் பத்தாவது படி எங்கிருந்து வந்தது? தமிழ் என்றால் மட்டும் உங்களுக்குக் குறை சொல்லத் தோன்றுகிறது. கல்யாணப் பத்திரிகையில் நீங்கள் அச்சிடும் தமிழை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

செவ்வாய்பேட்டை அச்சகத்தார்:
என் அச்சகத்தை இதில் இழுக்க வேண்டாம். ஆவணருக்கு ஒன்று சொல்கிறேன்: கையேடுகளை எழுதப் பயன்படும் டிட்டா என்ற குறியீட்டு மொழியின் 1.2ஆம் பதிப்பு இரண்டு படிகளுக்கு நடுவே 'ஸ்டெப்செக்‌ஷன்' என்ற உறுப்பை அனுமதித்திருக்கிறது. அது எந்தப் படிக்குள்ளும் அடங்காது, எண்ணும் அறுபடாமல் தொடரும். நான் கேட்டதும் இதைத்தான்.

அஸ்தம்பட்டி ஆவணர்:
நீங்கள் கேட்டது இதையல்ல. பட்டியலை முடித்துவிட்டு 5 என்று கையால் இடச் சொன்னீர்கள். 'ஸ்டெப்செக்‌ஷன்' படிகளின் தொகுதிக்குள்ளேயே நிற்கிறது, பட்டியல் வெட்டுப்படுவதில்லை; ஆகவே அது என் பக்கத்துச் சான்று. மேலும், அடுத்து வரும் படிகளை அறிமுகப்படுத்துவதற்காக வந்த உறுப்பு அது. நொதித்தலைப் பற்றிய குறிப்பை அதில் வைத்தால், படிப்பவர் அதைக் கழுவுதலுக்கு உரியதாகவே எடுத்துக்கொள்வார். டிட்டாவிலும் ஒவ்வொரு படிக்குள்ளும் கட்டளைக்குப் பிறகு விளக்கத்துக்கென 'இன்ஃபோ' என்ற இடம் தனியாக இருக்கிறது. குறிப்பு அங்கேதான் போக வேண்டும்.

செவ்வாய்பேட்டை அச்சகத்தார்:
படிகளுக்கு நடுவே இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி ஆவணர்:
பட்டியலுக்கு உள்ளே இருக்கிறது. முதல் பதிவிலிருந்தே அதைத்தான் சொல்லி வருகிறேன்.

நாகலூர் தோட்டத்தார்:
எங்கள் சுவரில் அது வெளியேதான் இருக்கிறது, இனியும் அங்கேதான் இருக்கும்.